ஜூன் விடுமுறைக்குத் தனியா ஈப்போ: சாவடியில பஸ் விட்டுட்டுப் போயிடுமா?

தெம்பனிஸ்_பையன்
வணக்கம். வயசு 17, சிங்கப்பூர்ல தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. ஜூன் விடுமுறை நாலு வாரமும் மலேசியாவுல ஈப்போ புந்தோங்ல பெரியம்மா வீட்டுல இருக்கப் போறேன். அம்மா அப்பாவுக்கு லீவு கிடைக்கலை, அதனால தனியாதான் பஸ்ல போகணும். சோதனைச்சாவடியில கடப்பிதழுக்கு சாப் (முத்திரை) அடிக்க இறங்கும்போது பஸ் கிளம்பிட்டா என்ன பண்றது? பெட்டியை எங்க இறக்கணும்? காலை பஸ் நல்லதா, ராத்திரி பஸ்ஸா? தூங்கிட்டா எழுப்புவாங்களா? அம்மாகிட்ட பயமே இல்லைன்னு சொல்லிட்டேன். இங்க மட்டும் சொல்றேன், இருக்கு.

காஸ்வே_கணக்கு
தம்பி, இந்தப் பயணத்துல பயப்பட வேண்டியது ரெண்டே இடம்தான். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி ஒண்ணு, அதைத் தாண்டி ஜொகூர் பாருவுல இருக்குற சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் இன்னொண்ணு. இந்த ரெண்டையும் கடந்துட்டா மிச்சம் 500 கிலோமீட்டருக்கு மேல உட்கார்ந்துட்டுப் போற வேலை மட்டும்தான். அதனால இந்த ரெண்டை மட்டும் விலாவாரியா எழுதுறேன்.

ஏறுறதுக்கு முன்னாடி பஸ்ஸோட நம்பர் பிளேட்டைப் படம் எடு. முன்பக்கம் ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ஒரே கம்பெனியோட ஒரே நிறப் பஸ் ரெண்டு மூணு அடுத்தடுத்து நிற்கும். ஒண்ணு கேஎல் (கோலாலம்பூர்) போகும், இன்னொண்ணு பினாங்கு போகும். நிறத்தையும் பஸ் மேல வரைஞ்ச படத்தையும் நம்பித்தான் ஆளுங்க தப்புப் பஸ்ஸுல ஏறுறாங்க. சிங்கப்பூர்ப் பதிவுன்னா பிளேட் பிஏ, பிசி, பிடின்னு ஆரம்பிக்கும். பேராக் வண்டின்னா ஏ, ஜொகூர் வண்டின்னா ஜே.

உட்லண்ட்ஸ்ல பஸ் நின்னதும் எல்லாரும் இறங்கணும். பஸ்ஸுக்கு அடியில இருக்குற அறையில வச்ச பெட்டி பொதுவா உள்ளேயே இருக்கலாம். ஆனா கடப்பிதழ், ஃபோன், பணம், சார்ஜர், மருந்து இதெல்லாம் உன் தோள்பையில உன்னோட வரணும். மேல போய்த் தானியங்கி வாசல்ல கடப்பிதழை வச்சுத் தாண்டி, திரும்பக் கீழ இறங்கினா பஸ் நிற்கிற இடம். 170, 160, 950 மாதிரி ஊர்ப் பஸ்ஸுங்க நிற்கிற வரிசை வேற, நீண்ட தூரப் பஸ் நிற்கிற இடம் வேற. கூட்டம் எல்லாம் ஊர்ப் பஸ் வரிசைக்குத்தான் ஓடும். பின்னாலயே ஓடாதே, பலகையைப் பாரு.

அப்புறம் கடற்பாலம். ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா அதுல முக்கால் மணி நேரம் நிற்கிற நாளும் உண்டு.

ஜொகூர்ப் பக்கம் இறங்கும்போது பெட்டி உட்பட எல்லாத்தையும் எடுத்துட்டு இறங்கணும். குடிநுழைவு முடிஞ்சதும் சுங்கத்துல பெட்டியை இயந்திரத்துல விடுவாங்க. அதைத் தாண்டினதும்தான் முக்கியமான இடம் வரும். கூட்டத்துல பாதிக்கு மேல நேரா ஜேபி (ஜொகூர் பாரு) சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் பாலத்துல நடக்கும். நீ அங்க போகக் கூடாது. 'Bas' (மலாய்ல பஸ்)னு போட்ட பலகையைப் பிடிச்சுக் கீழ இறங்கு. முதல் தடவை போறவங்க பஸ்ஸை விடுறது பெரும்பாலும் இந்த ஒரு திருப்பத்துலதான்.

ஈசூன்_மாலதி
மேலே சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். உட்லண்ட்ஸில் பஸ்ஸைத் தவறவிட்டால் பெட்டி பஸ்ஸோடு போய்விடும். ஜொகூரில் தவறவிட்டால் பெட்டி உங்கள் கையில் இருக்கும், பஸ்தான் போயிருக்கும். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். அதனால்தான் தோள்பையில் ஒரு மாற்றுச் சட்டையும் பெரியம்மா வீட்டு முகவரி எழுதிய தாளும் இருக்க வேண்டும். முகவரி ஃபோனில் மட்டும் இருந்தால் போதாது. எங்கே தங்குகிறாய் என்று அதிகாரி கேட்கும் நேரத்தில்தான் ஃபோன் அணையும்.

காஸ்வே_கணக்கு
சரியாச் சொன்னீங்க. பஸ் ஏன் காத்திருக்காதுன்னும் சொல்லிடுறேன், காரணம் தெரிஞ்சா பயம் குறையும். சாவடியில பஸ் நிறுத்த இடம் கொஞ்சம்தான். பின்னால வர்ற பஸ்ஸுக்கு இடம் விடச் சொல்லி அதிகாரிங்க டிரைவரை நெருக்குவாங்க. அவரும் தலையை எண்ணித்தான் எடுப்பார், ஆனா எவ்வளவு நேரம் பொறுக்கிறார்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிக்கெட்டுல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, படி. இறங்குற நேரத்துல டிரைவர்கிட்ட முகத்தைக் காட்டி "ஈப்போ, ஒரு ஆள், முதல் தடவை"ன்னு சொல்லிட்டு இறங்கு. தெரிஞ்ச முகத்தை விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வராது.

ஒழுங்கு இதுதான்: முதல்ல சாப், ரெண்டாவது பஸ், மூணாவது கழிவறை. இதைத் தலைகீழாப் பண்றவங்கதான் மாட்டுறாங்க. கழிவறை வரிசையில 15 நிமிஷம், குடிநுழைவு வரிசையில 25 நிமிஷம், கூட்டிப் பாரு.

பூன்லே_அக்கா
அதெல்லாம் சாவடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதானே. வீட்டுலேயே கவிழ்ற விஷயம் ஒண்ணு இருக்கு. கடப்பிதழ். மலேசியாவுக்கு 6 மாசமாவது செல்லுபடி மிச்சம் இருக்கணும். 16 வயசுக்குக் கீழ எடுத்த சிங்கப்பூர்க் கடப்பிதழ் 5 வருஷம்தான் செல்லும். 10 வருஷக் கடப்பிதழ் 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு மட்டும், அதுவும் 2021 அக்டோபர்ல இருந்துதான். தம்பிக்கு 17. பன்னிரண்டு வயசுல எடுத்ததா இருந்தா இந்த வருஷமே முடியும். இன்னிக்கே எடுத்துப் பாரு, பஸ் டிக்கெட்டை அப்புறம் வாங்கலாம்.

அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் வச்சுக்கோ. எங்க போறான், யார் வீட்டுல தங்குறான், எந்தத் தேதி திரும்புறான், ரெண்டு பக்கத்து ஃபோன் நம்பர். யாரும் கேட்காமலே போகலாம். கேட்டா பேசிச் சமாளிக்கிறதைவிட ஒரு தாளை நீட்டுறது சுலபம்.

தெம்பனிஸ்_பையன்
பார்த்தேன் அக்கா. அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் இருக்கு. அம்மா கேக்கச் சொன்னாங்க: என்எஸ் (தேசிய சேவை) இன்னும் போகாத பையன், வெளிநாடு போக எக்சிட் பர்மிட் வேணுமா? அப்புறம் மலேசியாவுக்குள்ள நுழைய இணையத்துல நிரப்புற வருகை அட்டை?

பூன்லே_அக்கா
எக்சிட் பர்மிட் 3 மாசம் அல்லது அதுக்கு மேல வெளியே இருந்தாத்தான். நாலு வாரத்துக்கு வேண்டாம்.

மஞ்சள்பை
வருகை அட்டை எல்லாருக்கும் கட்டாயம். நிரப்பலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

ஈசூன்_மாலதி
எல்லாருக்கும் இல்லை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் வேறு நாட்டுக் கடப்பிதழில் போனால் நிரப்பியாக வேண்டும். நிரந்தரவாசிக்கான நீல அடையாள அட்டை இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள்தான் வரிசையின் ஓரத்தில் நின்று ஃபோனில் தட்டிக்கொண்டிருப்பார்கள், அவர்களுடைய பஸ் அங்கே கிளம்பிக்கொண்டிருக்கும். வந்துசேரும் நாளுக்கு முந்திய 3 நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்பினால் போதும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

நிரந்தரவாசி என்றால் மறு நுழைவு அனுமதி காலாவதியாகவில்லையா என்பதையும் பாருங்கள். போகும்போது யாரும் தடுக்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் தலைவலி.

மஞ்சள்பை
திருத்தத்துக்கு நன்றி. நிரந்தரவாசிக் கணக்குலதான் சொன்னேன், குடிமக்களை மறந்துட்டேன்.

வடக்கு_தெற்கு
காலை பஸ்ஸா, ராத்திரி பஸ்ஸா என்ற கேள்விக்கு வருகிறேன். ராத்திரி பஸ்தான் நல்லது. ஏறிப் படுத்தால் விடியும்போது ஈப்போ, ஒரு பகலும் வீணாகாது.

காஸ்வே_கணக்கு
பழகினவங்களுக்கு சரி. இந்தத் தம்பிக்கு வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு எடுத்தா விடியற்காலை 5 மணி போல இறக்கிவிடுவான். ஈப்போ அமான்ஜெயா முனையம் ஊருக்குள்ள இல்லை, வடக்கே மேரு ராயாவுல இருக்கு. புந்தோங்ல இருந்து பெரியப்பா அந்த நேரத்துல காரை எடுத்துட்டு வரணும். பஸ் சீக்கிரம் போயிட்டா இருட்டுல ஒரு பையன் பெட்டியோட நாற்காலியில. காலை 8 மணி வாக்குல எடுத்தா சாயங்காலம் 4, 5 மணிக்கு வெளிச்சத்துல இறங்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. வேலை நாள் காலையில கடற்பாலத்துல நெரிசல் ஜொகூர்ல இருந்து சிங்கப்பூருக்கு வர்ற பக்கம்தான், வேலைக்கு வர்றவங்க கூட்டம். சாயங்காலம் 5 மணிக்கு மேல அது அப்படியே திரும்பும். அதனால செவ்வாய், புதன் காலை சிங்கப்பூர்ல இருந்து கிளம்புறது காத்தாட இருக்கும். பள்ளி அடைக்கிற வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மறுநாள் சனிக்கிழமை காலையும் பாதித் தீவே அங்கதான் நிற்கும். நாலு வாரம் இருக்கப் போற உனக்கு மூணு நாள் தள்ளிப் போனா என்ன குறையப் போகுது?

வடக்கு_தெற்கு
வெளிச்சத்தில் இறங்குவது என்ற ஒரு காரணத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் உட்காரும் இடத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கம் இரட்டை, மறு பக்கம் ஒற்றை இருக்கை உள்ள பஸ்ஸாகப் பார்த்து, ஒற்றை இருக்கையை எடு. பக்கத்தில் யார் வருவார் என்ற கவலை போய்விடும். நடுப்பகுதி நல்லது: பின் சக்கரத்துக்கு மேலே குலுங்கும், கடைசி வரிசையில் எஞ்சின் சூடு. பஸ் வடக்கு நோக்கிப் போவதால் காலை வெயில் வலப்பக்கம், மதியத்துக்குப் பிறகு இடப்பக்கம். திரைச்சீலை இருக்கும், இருந்தாலும் இடப்பக்கம் உட்கார்ந்தால் மூன்று மணி வெயில் தோளைச் சுடும்.

குளிர் பற்றி யாரும் சொல்லவில்லையே. சிங்கப்பூர் எம்ஆர்டி குளிரை வைத்துக் கணக்குப் போடாதே. தலைக்கு மேலே உள்ள காற்றுவாய் மூட வராது, சில சமயம் சொட்டவும் செய்யும். தலைமூடி உள்ள குளிர்ச்சட்டை, காலுறை, மெல்லிய துண்டு. துண்டை காற்றுவாயில் செருகலாம், கழுத்தில் சுற்றலாம், சொட்டினால் துடைக்கலாம். இருக்கையில் யுஎஸ்பி துளை இருக்கும், வேலை செய்யும் என்று நம்பாதே. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று போதும்.

இருக்கைவாரைப் போடு. 2025 ஜூலை 1 முதல் மலேசிய விரைவுப் பஸ்களில் பயணிகளுக்கும் அது கட்டாயம், அபராதம் 300 ரிங்கிட் வரை.

ஈசூன்_மாலதி
ஏறும் இடத்தையும் சொல்லிவிடலாம். பழைய பக்கங்களில் இன்னும் 'கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்' என்றே இருக்கும். அது 2023 மே மாதத்தோடு மூடியாகிவிட்டது. பல கம்பெனிகள் பக்கத்திலுள்ள கோல்டன் மைல் டவருக்கு மாறிவிட்டன, சில வேறு இடங்களுக்கு. டிக்கெட்டில் உள்ள இடத்தைப் படியுங்கள். கோல்டன் மைல் டவர் என்றால் நிக்கல் ஹைவே எம்ஆர்டியிலிருந்து நடக்கலாம். அரை மணி நேரம் முன்னால் போய், மின்-டிக்கெட்டை முகப்பில் காட்டி ஏறும் சீட்டாக மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ஃபோனில் உள்ளதே போதும் என்று நேரே பஸ்ஸுக்குப் போனால் டிரைவர் திருப்பி முகப்புக்கு அனுப்புவார்.

மஞ்சள்பை
திரும்புற டிக்கெட்டை இங்க வாங்காதே தம்பி. சிங்கப்பூர்ல இருந்து போறதுக்கு சிங்கப்பூர் வெள்ளியில விலை, ஈப்போவுல இருந்து வர்றதுக்கு ரிங்கிட்ல விலை, அதுதான் மலிவு. அங்க போய் முதல் வாரத்துலேயே வாங்கிடு. கடைசி வாரம் வரைக்கும் விடாதே, பள்ளி திறக்கிறதுக்கு முந்தின சனி ஞாயிறு முதல்ல தீரும்.

தெம்பனிஸ்_பையன்
ஒரு நண்பன் சொன்னான், ஜேபி வரைக்கும் ரயில்ல போயிட்டு அங்க லார்கின் பஸ் நிலையத்துல இருந்து பஸ் எடுத்தா மலிவுன்னு. அது எப்படி?

காஸ்வே_கணக்கு
மலிவுதான். ஷட்டில் தெப்ராவ்ங்கற அந்த ரயில் உட்லண்ட்ஸ்ல இருந்து 5 நிமிஷம், 5 வெள்ளி. லார்கின்ல பஸ்ஸும் நிறைய. ஆனா உனக்குப் பிரச்சினை காசு இல்லையே, பதட்டம்தானே. ரயில் டிக்கெட் கிடைக்கணும், ஜேபி சென்ட்ரல்ல இருந்து லார்கின் போகணும், அங்க உன் பஸ்ஸைத் தேடணும். மூணு இடத்துல மாறணும். முதல் தடவை நேர்ப் பஸ். லார்கினை மட்டும் மனசுல வச்சுக்கோ, ஏன்னா அதுதான் உன் மாற்று வழி. ஜொகூர்ச் சாவடியில பஸ் போயிடுச்சுன்னா அழாதே, ஓடாதே. டிக்கெட்டுல உள்ள நம்பருக்கு அடி. அதே கம்பெனியோட அடுத்த பஸ்ஸுல ஏத்துவாங்களான்னு கேளு. முடியாதுன்னா கீழே இருந்தே லார்கின் போற ஊர்ப் பஸ் இருக்கு. அங்க ஈப்போவுக்குப் புது டிக்கெட். செலவு கொஞ்சம், நேரம் ரெண்டு மூணு மணி. அவ்வளவுதான் நடக்கக்கூடிய மோசம். அதுக்குன்னு 100 ரிங்கிட்டைத் தனியா மடிச்சு வை, அதைத் தொடாதே.

வடக்கு_தெற்கு
ஒரு சேர்ப்பு. டிரைவர் நெரிசலைப் பார்த்து உட்லண்ட்ஸை விட்டு, மலேசியாவுக்கு இன்னொரு பாலம் உள்ள துவாஸ் பக்கம் திருப்பலாம். வரைபடத்தில் பஸ் மேற்கே போகிறதே என்று பதறாதே. துவாஸ் இரண்டாவது இணைப்பிலும் நடைமுறை இதேதான். அங்கே ஊர்க்கூட்டம் குறைவு, வழி தவறுவது கடினம். ஆனால் அங்கே பஸ்ஸை விட்டால் லார்கின் மாதிரிப் பக்கத்தில் எதுவும் இல்லை. அதனால் துவாஸில் கழிவறை வேண்டவே வேண்டாம், ஓய்விடம் வரும்வரை அடக்கு.

தெம்பனிஸ்_பையன்
ஓய்விடம் எப்ப வரும்? எங்க இருக்கோம்னு எப்படித் தெரியும்? ரோமிங் சதி பண்ணுமோன்னு பயமா இருக்கு.

வடக்கு_தெற்கு
ஃபோன் இல்லாமலே தெரியும், பலகைகளைப் பார்த்துக்கொண்டு போ. ஜேபியை விட்டதும் ஆயர் ஹீத்தாம், யோங் பெங், பாகோ. தங்காக் அருகே வலப்பக்கம் தனியாக ஒரு பெரிய மலை நிற்கும், அது குனோங் லேடாங். பிறகு ஆயர் குரோ, சிரம்பான். கேஎல் தாண்டியதும் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங். சமவெளியில் செம்பனைத் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்று, சாம்பல் வெள்ளைச் சுவராகச் சுண்ணாம்புக் குன்றுகள் எழும்பும், உச்சியில் மட்டும் பச்சை. அது சிம்பாங் புலாய். அங்கே பெரியம்மாவுக்கு அழை.

சில பஸ் கேஎல் டிபிஎஸ் முனையத்தில் நிற்கும். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் இறங்குவதைப் பார்த்து நீயும் இறங்கிவிடாதே.

ஓய்விடம் டிரைவரின் விருப்பம், பாகோவோ மாச்சாப்போ தாப்பாவோ. "துவா புலோ மினிட்" என்பார், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார், பிளேட் படத்தைத் திற, எந்தக் கடைக்கு எதிரே நிற்கிறது என்று பார்த்துக்கொள். நீ உள்ளே இருக்கும்போது பஸ் பத்து இடம் தள்ளிப் போயிருக்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் மீ கோரெங்குக்கு நேரம் பத்தாது. இலையில் மடித்த நாசி லெமாக், ஒரு மைலோ, திரும்பு. 1, 5 ரிங்கிட் தாள்களாக 20 ரிங்கிட் வைத்திரு.

பூன்லே_அக்கா
ரோமிங்: பயணத் திட்டத்தை முந்தின நாள் வீட்டு வைஃபையிலேயே வாங்கிப் போடு. உட்லண்ட்ஸ்ல நிற்கும்போதே ஃபோன் மலேசியக் கோபுரத்தைப் பிடிச்சிடும், திட்டம் இல்லாம டேட்டா ரோமிங் திறந்திருந்தா கணக்கு ஏறும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வை.

பஸ்ஸுல தலை சுத்துற பழக்கம் உண்டா? இல்லைன்னா மாத்திரையே வேண்டாம், நெடுஞ்சாலை நேரா இருக்கும், கேமரன் மலைப் பாதை மாதிரி வளைவு கிடையாது. உண்டுன்னா டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் ஒண்ணு, கிளம்புறதுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்ன, மருந்துக்கடையில கேட்டுட்டு. அது தூக்கம் வரவழைக்கும். அப்படிப் போட்டா முதல் சாவடிக்கு அலாரம் வை. நீ கேட்ட "தூங்கிட்டா எழுப்புவாங்களா"வுக்கும் பதில் இதுதான். சாவடியில பஸ்ஸைக் காலி பண்ணியாகணும், அதனால எழுப்புவாங்க. ஓய்விடத்துல எழுப்ப மாட்டாங்க.

மஞ்சள்பை
திரும்பும்போது முறை அப்படியே மாறும்: ஜொகூர்ல பெட்டி பஸ்ஸுல, உட்லண்ட்ஸ்ல பெட்டி கையில. புந்தோங் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) எவ்வளவு வேணும்னாலும் தின்னுகிட்டே வா. சூயிங்கம், சிகரெட், மின்சிகரெட் எதுவும் பெட்டியில இருக்கக் கூடாது. 'ஃபிரெண்டுக்கு ஒரு பொட்டலம், சிங்கப்பூர்ல வாங்கிக்குவான்'னு யார் குடுத்தாலும், மாமா பையனே குடுத்தாலும், வாங்காதே.

தெம்பனிஸ்_பையன்
எல்லாம் எழுதி வச்சுக்கிட்டேன். புதன்கிழமை காலை 8 மணி, ஒற்றை இருக்கை, இடப்பக்கம்தான் கிடைச்சுது. கடைசியா ஒண்ணு: எனக்கு மலாய் சுத்தமா வராது. டிரைவர்கிட்ட என்ன பேசுறது?

வடக்கு_தெற்கு
இடப்பக்கமா? துண்டைப் பெரியதாக எடுத்துக்கொள்.

காஸ்வே_கணக்கு
மூணு வரி போதும். ஏறும்போது: "பாக்சிக், பாஸ் இனி கெ ஈப்போ?" (ஐயா, இந்தப் பஸ் ஈப்போவுக்கா?) இறங்கும்போது: "பெராப்பா மினிட்?" (எத்தனை நிமிஷம்?) அவசரம்னா: "சாயா நாக் கெ தண்டாஸ், துங்கு செகெஜாப்." தண்டாஸ்னா கழிவறை, துங்கு செகெஜாப்னா கொஞ்சம் பொறுங்க. ஆனா முதல்ல "அண்ணே"ன்னு கூப்பிட்டுப் பாரு. இந்தத் தடத்துல தமிழ் டிரைவருங்களும் உண்டு. திரும்பிப் பார்த்தார்னா மலாயே தேவைப்படாது.